திடல் போன பிறகும் தீராத பேச்சு

ஈப்போ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் ஒரு தடவையாவது திரும்பி நின்று கட்டடத்தைப் பார்ப்பார்கள். 1917இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம், குவிமாடமும் வளைவுகளுமாக நிற்கும். 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று ஊரார் செல்லமாகச் சொல்வார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்காக மாமா பழைய புரோட்டோன் காரில் காத்துக்கொண்டிருப்பார். தாமதமானால் தேநீர்க்கடையில் அவருடைய நாற்காலியை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்ற கவலை அவருக்கு.

அந்தக் கடை புந்தோங்கில் இருக்கிறது. ஈப்போத் தமிழர்களின் பேட்டை அது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என்று வறுத்தும் பொரித்தும் விற்று, 'கச்சான் பூத்தே' என்றாலே புந்தோங் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிய இடம். எண்ணெய்ச் சட்டியின் வாசனை தெரு முனையிலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாசனைக்குள் நான்கு கிழவர்கள் உட்கார்ந்து காற்பந்து பேசுவார்கள். முப்பது ஆண்டுகளாக அதே மேசை, அதே சண்டை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து இந்தத் தடவை போனேன். அவர்கள் பேசுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பேராக்கின் குழு இந்தப் பருவத்தில் சூப்பர் லீக்கில் இல்லை. 2025ஆம் ஆண்டின் நடுவில் உரிமையாளர் நிறுவனம் கையை விரித்துவிட, பேராக் எஃப்சி போட்டியிலிருந்து விலகிவிட்டது. 1921இல் தொடங்கிய மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற மாநிலம் இது. 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 என்று மாமா பேரப்பிள்ளைகளின் பிறந்த ஆண்டைச் சொல்வதுபோல் சொல்லுவார். ஆடுவதற்கு இப்போது குழு இல்லை. பேச்சு மட்டும் குறையவே இல்லை.

"இப்ப இருந்தா யாரை முன்னுக்குப் போடுவே? அதைச் சொல்லு முதல்ல" என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

இல்லாத குழுவுக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

இவர்களுடைய வாதம் எப்போதுமே தாக்குதல் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான். கோல் காவலரைப் பற்றியோ தற்காப்பைப் பற்றியோ இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு நிற்காது. முன்னால் நின்று பந்தை வாங்கி அடிப்பவன் யார், அவன் முன்பு இருந்தவனைப்போல வருவானா என்பதுதான் கேள்வி. 2002, 2003 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு லீக் பட்டம் வாங்கிய காலத்தை எடுத்துக்கொண்டால், காலிட் ஜம்லுஸ் பெரியவரா, லைபீரியாவிலிருந்து வந்த ஃபிராங்க் சியேட்டர் பெரியவரா? அதற்குப் பின்னால் வந்த கினி நாட்டுக்காரர் கெய்த்தா மண்ட்ஜூவை எங்கே வைப்பது? 2018இல் ஷா ஆலாம் அரங்கில் திரெங்கானுவோடு 3-3 என்று முடிந்து பினால்டியில் கிண்ணம் வந்தபோது முன்னால் நின்ற பிரேசில்காரர் கில்மார் எத்தனையாவது இடம்? அந்த ஆண்டுகளில் விங்கில் ஓடிய நம் பையன் பார்த்திபன் ஜனசேகரனுக்கு இன்னும் கொஞ்சம் வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டாமா?

"மொக்தார் டஹாரி காலடி மண்ணுக்கு இவனுங்க யாரும் வரமாட்டானுங்க" என்றார் இன்னொருவர். உடனே கூச்சல் எழுந்தது. மொக்தார் சிலாங்கூர்க்காரர். சிலாங்கூரிடம் 33 கிண்ணம் இருக்கிறது. புந்தோங் மேசையில் சிலாங்கூரைப் புகழ்ந்தவர்தான் அன்றைய தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே, "காசு குடுக்கறேன், உண்மையை மாத்த மாட்டேன்" என்றார்.

அந்த மேசையில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரும் உண்டு. எல்லாருக்கும் அவர் 'சிக்கு'. தோட்டப் பக்கத்தில் வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "கோல் அடிச்சவன் பேருதான் பேப்பர்ல வரும். பந்து குடுத்தவனை யாரு நினைக்கிறா?" என்பது அவருடைய நிரந்தரக் கட்சி. அதற்கு அவர் கொண்டுவரும் சாட்சி 1980. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று சாய்த்த ஆட்டம் அது. வெற்றிக் கோல் ஜேம்ஸ் வோங் அடித்தது. அந்தப் பந்தைக் கொண்டுவந்து தந்தவர் ஹசான் சானி. பின்னால் கோல் கம்பங்களுக்கிடையே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். அத்தனையும் செய்துவிட்டு அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டது. "பந்து வந்துச்சு, வாங்கினாங்க, அடிச்சாங்க. பரிசு மட்டும் வரலே" என்று சிக்கு முடித்தால் மேசை கொஞ்சம் அமைதியாகும்.

இந்தத் தடவை அந்த அமைதியில் புதுப் பேச்சு ஒன்று வந்தது. சென்ற செப்டம்பரில் ஃபிபா மலேசியத் தேசிய அணியின் ஏழு வீரர்களுக்கு 12 மாதத் தடை விதித்திருந்தது. அவர்களுடைய தாத்தா பாட்டி இங்கே பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று சொன்னது. ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல் அடித்த இரண்டு தாக்குதல் ஆட்டக்காரர்களும் அந்த ஏழு பேரில் இருந்தார்கள். அன்று அந்த நான்கு கோலுக்கும் இந்த மேசை கைதட்டியிருக்கிறது. இன்று யாரும் அதை ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்தவர் வாய் திறந்தார். அவர் பிறந்தது இங்கேயிருந்து இருபது மைல் தள்ளி ஒரு கித்தாத் தோட்டத்தில். ஐம்பது வயது வரைக்கும் கையில் சிவப்பு அட்டைதான் வைத்திருந்தார். "என் தாத்தா எங்க பொறந்தாருன்னு யாரும் கேக்கல. நான் எங்க பொறந்தேன்னு கேட்டாங்க. அதுக்கே காயிதம் இல்ல" என்றார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தேநீரை ஆற்றிக் குடித்தார்.

அப்போதுதான் நான் அந்தக் கதையை எடுத்தேன். எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. என் அப்பா தோட்டத்துக் குழுவில் லெஃப்ட் விங் ஆடியவர். பேராக் 1970இல் கிண்ணம் வென்ற கையோடு, அடுத்த ஆண்டு ஈப்போவில் இளைஞர்களுக்கு ஆள் தேர்வு நடந்தது. அப்பாவுக்கும் அழைப்பு வந்தது. தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. அன்றைக்குப் பால்மரம் வெட்டப் போனார். அதோடு முடிந்தது. "அந்தத் துரை மட்டும் விட்டிருந்தா எங்கப்பாவும் ஆடியிருப்பாரு" என்று சொல்லி முடித்தேன்.

மூன்று பேர் தலையசைத்தார்கள். மாமா மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "வா தம்பி, சுங்கை சிப்புட் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார். மேசையைவிட்டுப் பத்து மணிக்கு முன்னால் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள் மேகத்தைச் சுமந்துகொண்டு கூடவே வரும். துன் வீ.தி. சம்பந்தனின் ஊர் அது. 1948 ஜூன் 16ஆம் தேதி அங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். இந்த மண்ணில் பெரிய சரித்திரம் நிறைய இருக்கிறது. எங்கள் குடும்பத்துச் சரித்திரம் ஒரு திடலின் அளவுதான்.

நாங்கள் இருந்த தோட்டத்துக்கு இப்போது கித்தாத் தோட்டம் என்ற பெயர் பொருந்தாது. ஒரு பக்கம் செம்பனை. மறுபக்கம் வீடமைப்புப் பகுதி. லயத்து வீடுகள் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. 1989இல் நாங்கள் கிள்ளானுக்குக் கிளம்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. லாரியின் பின்னால் உட்கார்ந்து நான் கடைசியாகப் பார்த்தது கோல் கம்பத்தைத்தான்.

தோட்டத்துக்கும் காற்பந்துக்கும் ஏன் இவ்வளவு ஒட்டு என்று தோட்டத்தில் வாழாதவர்கள் கேட்பதுண்டு. காரணம் மரத்தில் இருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓடாது. அதனால் விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே நெரையில் இறங்கி மரம் வெட்ட வேண்டும். பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பின் சாயங்காலம் முழுக்க இளவட்டங்களின் கால்கள் சும்மா இருக்கும். கள்ளுக்கடையும் பக்கத்தில் இருந்தது, திடலும் பக்கத்தில் இருந்தது. கால் எந்தப் பக்கம் திரும்பியதோ அப்படி ஆனார்கள். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் சேற்றில் ஆட்டம் உண்டு. அம்மாக்கள் மழையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

செம்பனைக்கு மாறியதும், நம் ஆட்கள் பட்டணம் போனதும், லயம் காலியானதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. திடலுக்கு ஆள் இல்லாமல் போனது. ஆள் இல்லாத திடலில் மரம் நட்டார்கள்.

மாமா செம்பனை வரிசைக்குள் நுழைந்து கணக்குப் பார்த்து நடந்தார். கோயிலிலிருந்து இத்தனை அடி, பழைய வாய்க்காலிலிருந்து இத்தனை அடி. ஓரிடத்தில் நின்று காலால் காய்ந்த மட்டையை விலக்கினார். "இங்கதான் கார்னர். உங்கப்பா இந்த மூலையிலேருந்து தூக்கிக் குடுப்பாரு. நான் அங்க நிப்பேன்" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு செம்பனை நின்றது.

மாமா எங்கள் தோட்டத்துக் கோல் அடிக்கும் ஆள். அப்பா பந்து கொடுக்கும் ஆள். அது எனக்குத் தெரியும். தெரியாததை அப்போது சொன்னார்.

"துரை லீவு குடுத்தாரு தம்பி. பஸ்ஸுக்குக் காசும் குடுத்தாரு."

எனக்குப் புரியவில்லை. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

இரண்டு பேரும் விடிகாலை பஸ்ஸில் ஈப்போவுக்குப் போயிருக்கிறார்கள். கிராணி மகனிடம் இரவல் வாங்கிய பூட்ஸ் அப்பாவுக்கு ஒரு விரல் பெரிது. முன்னால் துணியைத் திணித்துக்கொண்டார். அதுவரை அவர் பூட்ஸ் போட்டு ஆடியதில்லை. அங்கே வந்த பையன்கள் பள்ளிக்கூடத்திலேயே பூட்ஸ் போட்டுப் பழகியவர்கள். முதல் பாதி முழுக்க ஆட விட்டார்கள். நான்கு முறை அப்பாவுக்குப் பந்து வந்தது. இரண்டு முறை காலில் நிற்கவில்லை. ஒரு முறை வெளியே போனது. ஒரு முறை நன்றாகத் தூக்கிக் கொடுத்தார், வாங்கியவன் வீணாக்கினான். இடைவேளையில் பெயர் படித்தார்கள். அப்பாவின் பெயர் இல்லை.

"பூட்ஸைக் கழட்டிட்டு ஆட விட்டிருந்தா?" என்றேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "அவருக்கு எதிர்ல நின்ன பையன் நல்லா ஆடினான். பொய் சொல்லக் கூடாது. நம்ம ஆளுங்கள்ல எத்தனையோ பேருக்குக் கதவை அடைச்சாங்க, அது உண்மை. ஆனா அன்னைக்கு உங்கப்பாவுக்கு யாரும் அடைக்கல. அவரு உள்ள போனாரு, ஆடினாரு, போதல."

திரும்பி வரும்போது தோட்டத்து முச்சந்தியில் ஆட்கள் கூடி நின்றிருக்கிறார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அப்பா பேசவில்லை. கூட்டத்தில் யாரோ, துரை மூஞ்சியைப் பார்த்தா லீவு குடுத்திருக்க மாட்டான், பாதி வழியில கூப்பிட்டிருப்பான் என்றார். யாரும் மறுக்கவில்லை. இரண்டு நாளில் அதுவே கதையாகிவிட்டது. அதற்குப் பின் தோட்டத்தில் மொக்தாரைப் பற்றி யார் பேசினாலும், "நம்ம ஆளை விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ஒப்பிட்டுப் பேச ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு அப்பா கிடைத்தார்.

"ஏன் மாமா இத்தனை வருஷம் சொல்லல?"

"அவரு இருக்கும்போது அவரு சொல்லட்டும்னு இருந்தேன். போய் எட்டு வருஷமாச்சு. இன்னைக்கு நீ அந்தத் துரையை மறுபடியும் இழுத்தே. அந்த மனுசனும் செத்திருப்பான். பாவம்."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அப்பா இல்லை, என் மகன். வயது பதினைந்து. இந்த ஆண்டு தொடக்கத்தில் பள்ளிக் குழுவில் அவனை எடுக்கவில்லை. அழுதுகொண்டு வந்தவனுக்கு ஆறுதலாக நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். உங்க தாத்தாவையும் இப்படித்தான் விடல என்று. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பின் திடல் பக்கம் போகவில்லை. கேட்டால், "நம்மள எங்கப்பா எடுப்பாங்க?" என்கிறான். அவன் பந்தை எட்டு மாதமாக அலமாரிக்கு அடியில் காற்றிறங்கிக் கிடக்கிறது. ஆறுதல் என்று நினைத்து நான் கொடுத்தது அவனுக்கு ஒரு சாக்காக முடிந்திருக்கிறது. அவன் தேறாததற்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. கதை கையில் தயாராக இருந்தது.

காருக்குத் திரும்பும்போது கேட்டேன். "அந்தத் தேர்வுக்கு அப்புறம் அப்பா என்ன பண்ணினாரு?"

"என்ன பண்ணுவாரு? அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடினாரு. பக்கத்துத் தோட்டத்தோட. வெறுங்காலு. நான் ரெண்டு கோல் அடிச்சேன், ரெண்டும் அவரு குடுத்த பந்து. பதினோரு வருஷம் ஆடினாரே, உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அதை யாரும் எனக்குக் கதையாகச் சொன்னதில்லை. நானும் என் மகனுக்குச் சொல்லவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் பேராக் அரங்கத்தின் பக்கமாகக் காரை விடச் சொன்னேன். மஞ்சளும் கறுப்புமாக ஆட்கள் வழிந்த நுழைவாயில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வெறிச்சென்று கிடந்தது. குழுவின் அடையாளமான செலாடாங் காட்டெருமையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பா என்னை இங்கே தோளில் தூக்கி வந்திருக்கிறார். அன்று முழு ஆட்டமும் அவர் பார்த்தது இடது ஓரத்தை மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. மாமா கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "திரும்ப வரும்" என்றார். யார் வருவார் என்று நான் கேட்கவில்லை.

கடைக்குப் போனபோது மேசையில் இன்னும் இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். மாமாவின் பேரனும் வந்து சேர்ந்திருந்தான். அவனுக்கு ஜோகூர் டாருல் தக்சிம் என்றால் உயிர். 2014 முதல் ஒவ்வொரு பருவமும் லீக் பட்டம் வாங்குகிற குழுவை விட்டுவிட்டு, இல்லாத குழுவைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று சிக்குவைக் கேட்டுக்கொண்டிருந்தான். கைப்பேசியில் ஹாலண்ட் அடித்த ஒரு கோலைக் காட்டி, "மொக்தார் இந்த மாதிரி அடிச்சிருக்காரா தாத்தா?" என்றான்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோலை இரண்டு தடவை பார்த்தார்.

"நல்ல கோல். அந்தப் பந்தைக் குடுத்தது யாருடா?"

பேரன் திருதிருவென்று விழித்தான். சிக்கு மேசையைத் தட்டிச் சிரித்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக மாமா தன் கட்சிக்கு வந்துவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம்.

நான் எழுந்து எதிர்க் கடைக்குப் போய் இரண்டு பொட்டலம் கச்சான் பூத்தே வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு. அதோடு ஒரு பந்துப் பம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். லஹாட் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார் கடைக்காரர். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நடந்தே போனேன்.